படியேறிய கருத்துப் பெட்டி

“எது சரியில்ல, அத்தச் சொல்லுங்க” என்று நோயாளியிடம் கேட்கவே கூடாதென்று புஷ்பலதாவுக்கு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். 2003 சித்திரையில் அவள் கேட்டாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியின் கருத்துப் பெட்டி சாலையைக் கடந்துபோய், திருத்தணி மலையின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டது.

அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டின் முதல் பட்டதாரி அவள். எட்டு மாதமாக அவள் வேலை, வீடு திரும்பும் நோயாளிகளிடம் ‘முழுத் திருப்தி’ கட்டத்தில் டிக் வாங்குவது; கிடைக்காவிட்டால் தானே போட்டுக்கொள்வது. அப்படியும் நோயாளிகளே நிரப்பும் ‘சுத்தம்’ கட்டத்தில் மட்டும் மார்க் ஏறவில்லை. ஆடிக் கிருத்திகைக்குள் ஏறாவிட்டால் ஆயா கௌரியம்மாளை நிறுத்திவிடப்போவதாக மேனேஜர் ஸ்கந்தகுமார் சொல்லியிருந்தார். காலை பத்து மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது என்பதை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை.

முதலில் வாயைத் திறந்தவள் கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்திருந்த நோயாளி ரத்தினம்மாள். “நாலு நாளா பாக்குறேன், அந்தப் பொம்பள தெருக்குழாய்லேர்ந்து தூக்கிகினு வந்து ஊத்துது. அதும்மேல குத்தம் சொல்ல எனுக்கு வாய் வராது. தண்ணி வுடாதவன் எவனோ, அவன் பேரை எழுதிக்கோ.”

புஷ்பலதா அப்படியே எழுதிப் போட்டாள். பெட்டி கிளம்பியது அதற்கப்புறம்தான். ஸ்கந்தகுமார் தூக்கிவந்து சுவரில் ஆணியடித்தார். மறுநாள் இன்னொரு நிஜம் விழுந்ததும் ஆணியோடு போய் இரண்டாம் படியில் இருந்தது. அவர் போட்ட பொய் டிக்குகளைப் படியிலேயே துப்பிவிட்டது. அதன்பின் நோயாளிகள் கட்டுப்போட்ட காலோடு படியேறிப்போய்ப் போட்டார்கள். மொட்டைத் தலைகள் பெட்டிக்கு வழிவிட்டு ஏறின.

ஆடிக் கிருத்திகையன்று முந்நூற்று அறுபத்தைந்தாவது படிவம் விழுந்து, பெட்டி காவடிகளோடு காவடியாக மேலே, மலையின் முந்நூற்று அறுபத்தைந்தாவதான கடைசிப் படியில் போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக் குழாய்கள் தாமாகத் திறந்துகொண்டன. கௌரியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டே மூன்று வார்டையும் கழுவித் தள்ளினாள். அதற்குப்பின் ஆறு வருஷம், அவள் ஓய்வு பெறும்வரை, அங்கே தண்ணீர் நின்றதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் ஸ்கந்தகுமார் புஷ்பலதாவைக் கூப்பிட்டார். “உன்னை பெர்மனென்ட் பண்ணிடலாம்மா. பெட்டியக் கீழ எடுத்தாந்துடு, பூட்டிடலாம். அப்படியே இங்க வேலை திருப்தியா இருக்குதுன்னு இந்த ஃபாரத்துல ஒரு டிக் போட்டுடு.”

“ராத்திரியே எழுதிட்டேன் சார்,” என்று அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் காட்டினாள்.

“குடு, பாக்கலாம்.”

“உங்க கிட்ட குடுக்குறதுக்கு இல்ல சார். பெட்டில போடுறதுக்கு.”

வெளியே நடந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், பெட்டி முதல் படிக்கே இறங்கிவந்து காத்திருந்தது. பூக்காரி தன் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு இடம்விட்டிருந்தாள்.