புளியரைக்குப் போன ஞாயிறுகள்

வேல்ராஜுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவான். இலஞ்சியிலிருந்து செங்கோட்டை, அங்கிருந்து புளியரை, மனசு இருந்தால் மலையேறி ஆரியங்காவு. ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். மின்வாரியத்தில் ஒயர்மேன் வேலை. வாரம் முழுக்க ஏணியும் கம்பமும்தான். எப்போது கரண்ட் வரும் என்று கேட்டு ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒரு காலையில் மட்டும் யாரும் அவனிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கல்யாணமான பிறகும் ஜெயபிரியா அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. வைகாசியில் மகள் அபர்ணா பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் ஜெயபிரியா தன் அம்மா வீடான ராயகிரியில் இருந்தாள். ஆவணியில், மூன்றாம் மாதம், பிள்ளையோடு இலஞ்சிக்கு வந்தாள். வேல்ராஜின் அம்மா ஆய்க்குடியில் மூத்த மகன் வீட்டோடு இருப்பவள். வந்து இருபது நாள் இருந்து பார்த்துவிட்டு, அங்கே வேலை கிடக்கிறது என்று போய்விட்டாள். அதன்பின் அந்த வீட்டில் அவர்கள் மூன்று பேர்தான்.

பைக் இரண்டு மாதம் சாக்குப் போர்த்தி நின்றது. ஐப்பசி வந்தது. குற்றாலத்தில் சீசன் கூட்டம் கலைந்து, ஐந்தருவியில் பழக்கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் ரோட்டை நிறைத்துவிடும். அதற்கு முன்னால் உள்ள இந்த நாலு வாரம், மழை கழுவிவிட்ட மலையும் ஆளில்லாத ரோடுமாக இருக்கும். வேல்ராஜுக்கு வருஷத்திலேயே பிடித்த நாட்கள் அவைதாம்.

கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை, நாளைக்கு ஒரு மணி நேரம் போய்விட்டு வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டான். ஜெயபிரியா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போயிட்டு வாங்க" என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை அவன். நாலரைக்கே எழுந்தான். பிள்ளையின் துணிகளை அலசிக் காயப்போட்டான். வெந்நீர் போட்டு ஃப்ளாஸ்க்கில் ஊற்றினான். இட்லி அவித்து மூடிவைத்தான். பால் குடித்த பிள்ளையை வாங்கி ஏப்பம் விடவைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினான். இவ்வளவும் செய்துவிட்டுப் போகிறவனை யார் குறை சொல்ல முடியும் என்றுதான் நினைத்துக்கொண்டான். செங்கோட்டை தாண்டி வயல் காற்று முகத்தில் அடித்ததும் அந்த நினைப்பும் போய்விட்டது. அவனுக்குப் பழைய உடம்பு திரும்பி வந்தது போலிருந்தது.

அடுத்த ஞாயிறும் போனான், அதற்கடுத்த ஞாயிறும் போனான். திரும்பி வரும்போதெல்லாம் ஜெயபிரியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளையின் கண் சிவந்திருக்கும். அழுதாளா என்று கேட்டால், இப்போதுதான் கொஞ்சம் என்பாள். வாரத்தின் மற்ற நாட்களைவிட அன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருக்கிறதென்று அவனுக்குப் பட்டது. தனக்கு ஒரு மணி நேரம் கிடைத்ததில் அவளுக்கும் சந்தோஷம்தான் என்று எடுத்துக்கொண்டான்.

நாலாவது ஞாயிறு மழை கொட்டியது. போவதா வேண்டாமா என்று அவன் நின்றபோது ஜெயபிரியாவே மழைக்கோட்டை எடுத்துவந்து கொடுத்தாள். புளியரை வரைதான் போக முடிந்தது. வழக்கமாக அவன் சாயா குடிக்கிற கடைக்காரர் முகம்மது சலீம், மேலே மரம் சாய்ந்து ரோடு அடைத்துக் கிடக்கிறது, மத்தியானம் ஆகும் என்றார். வேல்ராஜுக்கு ஏமாற்றம்தான். நேந்திரம்பழத்தில் பொரித்த இரண்டு பழம்பொரி வாங்கிப் பொட்டலத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான். வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே தெருவுக்கு வந்துவிட்டான்.

வண்டியை நிறுத்தும்போதே பிள்ளையின் சத்தம் கேட்டது. ஜெயபிரியா குளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தான். தொட்டிலுக்குள் அபர்ணா காலை உதறிக்கொண்டு கிடந்தாள். முகம் கன்றியிருந்தது. தொண்டை கட்டி, அழுகை கரகரத்து வந்தது. இது இப்போது தொடங்கிய அழுகை இல்லையென்று அவனுக்குப் புரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படியைப் பார்த்தான், குளியலறையைப் பார்த்தான். ஆள் இல்லை. பின்கதவைத் தள்ளினான். அது வெளியே தாழ் போட்டிருந்தது.

வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் பின்னால் போனான். துவைக்கிற இடத்துத் தகரக் கூரையில் மழை கடகடவென்று இரைந்துகொண்டிருந்தது. ஜெயபிரியா கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கூரை நீர் அவள் பாதத்தில் விழுந்து தெறித்தது. அவனைப் பார்த்ததும் அவள் பதறவில்லை.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா" என்றாள்.

"பிள்ளை அழுதுக்கிட்டுக் கெடக்கு ஜெயா. கேக்கலையா?"

"கேக்குது."

பிள்ளை அவன் சட்டையைச் சப்பிக்கொண்டு விக்கியது.

"நீங்க போனதும் நான் இங்கன வந்து உக்காந்துருவேன்," என்று அவளே சொன்னாள். "வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ள போயி எடுத்துக்கிடுவேன். மொத வாரத்துல இருந்தே அப்படித்தான். இன்னைக்கு மழையில சத்தம் கேக்கலை."

"கதவை எதுக்கு வெளிய தாழ் போட்டே?"

"நான் உள்ள போயிரக் கூடாதுன்னுதான்." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "அழுகை கூடக்கூட எனக்கு என்னமோ ஆகுது. தூக்கிப் போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. மத்த நாள்ல நீங்க எந்நேரம் வருவீங்கன்னு தெரியாது, எப்படியாவது சமாளிச்சிருதேன். ஒரு மணி நேரம் இங்கன இருந்தாத்தான் மத்த நாளு ஓடுது."

பழம்பொரிப் பொட்டலம் கோட்டுக்குள் நசுங்கி எண்ணெய் சட்டையில் இறங்கியிருந்தது. அன்று சாயங்காலம்தான் அதைக் கவனித்தான்.

அடுத்த வாரமே தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். நடுத்தர வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டாள். பிள்ளை பெற்ற பெண்களில் பல பேருக்கு இது வருவதுதான் என்றும், இவளைத் தனியே விடக்கூடாது என்றும், மாத்திரை கேட்பதற்குச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடக்கூடாது என்றும் சொன்னாள். பால் கொடுக்கிறவர்களுக்குக் கொடுக்கக்கூடிய மாத்திரைதான் என்று இரண்டு தடவை சொன்னாள். வேல்ராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுப்பதை அவன் விட்டுவிட்டான். இருந்த லீவையெல்லாம் எடுத்து வீட்டிலேயே இருந்து பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டான். ஆனால் ஜெயபிரியா அடுப்படிக்குப் போனால் அவன் கண் பின்னாலேயே போயிற்று. பின்கதவுப் பக்கம் நடந்தால் எழுந்து நின்றான். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பிள்ளையை வைத்துக்கொள்கிறேன், நீ வெளியே எங்கேயாவது போய்விட்டு வா என்றான். குடையை எடுத்துக்கொண்டு போனவள் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். எங்கே போவதென்று தெரியவில்லை என்றாள்.

"நீங்க பழையபடி போயிட்டு வாங்களேன்" என்று ஒரு நாள் கேட்டாள். கேட்டது கெஞ்சுவது போலிருந்தது. அவனால் போக முடியவில்லை. போனால் என்ன ஆகும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும். போகாமல் இருந்ததில் அவளுக்கு இருந்த ஒரே ஒரு மணி நேரமும் போய்விட்டதும் தெரியும். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான்.

கார்த்திகைப் பாதியில் பெருமழை அடித்தது. காற்றில் மரங்கள் சாய்ந்து, ஊர் ஊராகக் கம்பி அறுந்து கிடந்தது. வேல்ராஜுக்கு லீவு இல்லை. ஜெயபிரியாவைத் தனியே விட முடியாமல் மாமியார் காளீஸ்வரிக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் மறுநாளே வந்து, மகளையும் பேத்தியையும் ராயகிரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். வாசலில் ஆட்டோ நிற்கும்போது அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"கைப்பிள்ளைக்காரிய ஒத்தையில விட்டுட்டு வண்டி ஓட்டப் போயிருக்கீங்க மாப்ளை. வேற என்ன சொல்ல."

துணி அலசினதையும் இட்லி அவித்து வைத்ததையும் சொல்லலாமென்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது. மாத்திரை அட்டைகளைக் கவரில் போட்டு மாமியார் கையில் கொடுத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னான்.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவது ராயகிரிக்கு. கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் தாண்டி ஐம்பது கிலோமீட்டர். முதல் தடவை போனபோதே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. பால் கொடுக்கிற பிள்ளைக்கு எதற்கு மாத்திரை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் சரியாகும் என்றாள் காளீஸ்வரி. வேல்ராஜ் எடுத்துச் சொன்னான், டாக்டரிடம் ஃபோனில் பேசவும் வைத்தான். அவன் இருக்கும்வரை சரி சரி என்றார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அட்டையில் ஒரு மாத்திரையும் குறைந்திருக்கவில்லை. சத்தம் போட்டால் வாசலில் ஏற்றாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அதற்குமேல் அவன் அழுத்திப் பேசவில்லை.

அபர்ணா பாட்டி கையில் வளர்ந்தாள். குப்புற விழுந்து, பிறகு தவழ்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவன் கையை நீட்டினால் உதட்டைப் பிதுக்கினாள். ஜெயபிரியா வந்து அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவாள். பிள்ளை அவள் புடவையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும். அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள், தை பிறந்ததும் இலஞ்சிக்குப் போகலாமா என்று அவளிடம் கேட்டான்.

"இங்கன அம்மா ஒரு நிமிசம் என்னைத் தனியா விட மாட்டேங்கா" என்றாள் அவள். "அங்கன வந்தா நீங்க விட மாட்டீங்க."

"அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்ல வாயெடுத்தான்.

"பீரோவுல மேல் தட்டுல என் சர்ட்டிபிகேட் ஃபைல் இருக்கும். அடுத்த வாரம் வாரப்ப எடுத்துட்டு வாங்க. என் துணியும் கொஞ்சம் இருக்கு."

தை பிறந்தாலும் அவள் இலஞ்சிக்கு வரப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு ஃபைலைப் பாலித்தீன் பையில் சுற்றி, துணிப்பையோடு சேர்த்துப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு போனான். காளீஸ்வரி வாங்கி உள்ளே வைத்தாள். ஜெயபிரியா தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்றாள். பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆய்க்குடிப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய்விட்டது, வர முடியுமா என்று ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு மணி நேரத்தில் அங்கே இருப்பேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான்.