நர்ஸ் வராத வெள்ளிக்கிழமை

புஸீதுக்கு ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டு ஆபரேஷன் செய்து, புது மூட்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அவர் மனைவி ஸூலிகாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம், தினமும் காலையில் பையும் கையுமாக வந்து நிற்கும் நர்ஸ் நஸீரா. பிளிதா நகரத்தில் பஸ் ஓட்டிய காலமெல்லாம் பெண்டாட்டி சொல்லி ஒரு மாத்திரை விழுங்காத மனுஷன், இப்போது நஸீரா வருவதற்குள் முகம் வழித்து, அத்தர் தடவி, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார். அவள் நடக்கச் சொன்னால் வாக்கரைப் பிடித்து நடந்தார். அதே வாக்கரை ஸூலிகா நீட்டினால் மட்டும் எங்கிருந்தோ வலி வந்துவிடும்.

"அக்கா, இதை நீங்களும் கேட்டுக்குங்க," என்பாள் நஸீரா.

"எனக்கு எதுக்கும்மா? அவருக்குத்தான் உன் பேச்சு தேனா இனிக்குது," என்று ஸூலிகா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். புது மூட்டு ஒட்டும்வரை தாழ்வாக உட்காரக் கூடாது, குனியக் கூடாது என்று நஸீரா சொன்னதெல்லாம் அந்தச் சத்தத்தில் போயிற்று.

வெள்ளிக்கிழமை நஸீராவுக்கு லீவு. ஸூலிகா விடிந்ததும் கோதுமை ரவைக் கூஸ்கூஸை ஆவியில் வேகவைத்தாள். ஊரே தொழுகை முடிந்து குட்டை மேசையைச் சுற்றி ஒரே தட்டில் சாப்பிடும் நாள். தரையில் ஆட்டுத்தோலை விரித்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"தாழ உட்காரக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே," என்றார் புஸீத்.

"வெள்ளிக்கிழமை சாப்பாடும் அவளைக் கேட்டுத்தான் சாப்பிடணுமா? அப்ப அவ வீட்டுக்கே போயிடுங்க. வழிக்கு வாக்கரும் தர்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து மெல்லக் கீழே இறங்கினார். ஸூலிகாவுக்கு மனசு குளிர்ந்தது. நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினாள். அதை எடுக்கக் குனிந்தவர் அலறிய அலறலில் மாடி வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, நழுவிய மூட்டைத் திரும்பப் பொருத்தினார்கள். அவர் கண் விழிப்பதற்குள் செய்தி கேட்டு நஸீரா வந்துவிட்டாள். "எத்தனை தடவை சொன்னேன் உங்களுக்கு?"

"ஸூலிகா வேண்டாம்னுதான் சொன்னா," என்றார் புஸீத். "நான்தான் ஆசைப்பட்டு உட்கார்ந்துட்டேன்."

ஸூலிகா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"பொய் சொல்றாரு. நான்தான் உட்கார வச்சேன்."

"ஏன்க்கா?"

"நீ சொன்னா எல்லாத்தையும் கேட்கிறாரு. நான் சொன்னா எதையும் கேட்கிறதில்லை. பொறாமைதான், வேற என்ன?"

நஸீரா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "என் பேச்சைக் கேட்டிருந்தா அவரு கீழ உட்கார்ந்திருப்பாராக்கா?"

ஸூலிகா கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.