முறைப் பலகை

ஒரு கூட்டத்தைப் பார்த்ததும் அது தானாக வந்த கூட்டமா, வரவழைத்த கூட்டமா என்று பொன்னுரங்கம் சொல்லிவிடுவான். வரவழைத்த கூட்டம் குளித்துத் தலைவாரி, வேன் வருவதற்கு அரை மணி முன்பே தயாராக நிற்கும். பேசுகிறவரைப் பார்க்காது, பிரியாணி வண்டியைப் பார்க்கும். பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களிலிருந்து பதினெட்டு வருஷமாகக் கட்சிக் கூட்டங்களுக்கு ஆள் ஏற்றி அனுப்புகிறவன் அவன். எந்தக் கட்சி என்று கேட்டதே இல்லை. எத்தனை வேன் என்றுதான் கேட்பான். அதில் அவனுக்கு வெட்கமும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய சொந்தக் குப்பத்தின் படகுத்துறையில் ஒரு கூட்டம் நின்றது. வேன் இல்லை, பந்தல் இல்லை. தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் நண்டு வியாபாரி ஜெபசெல்வி, மீன்பெட்டி மேல் ஏறி நின்று, ஏரியின் முகத்துவாரம் மண் மூடிக் கிடப்பதைப் பற்றிப் பேசினாள். மைக் பாதியில் செத்துப்போயிற்று. ஒருவரும் நகரவில்லை. தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் இடுப்புவரை சேற்றோடு அப்படியே ஏறி வந்திருந்தார்கள். முன்வரிசையில் அவன் தம்பி ரங்கன் கை தட்டிக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் பொன்னேரிக் கூட்டத்துக்கு பொன்னுரங்கம் நிரப்பி அனுப்பவேண்டிய மூன்று வேன்கள் ரோட்டில் காலியாக நின்றன.

மறுநாளே வேதாசலம் அவனை மீஞ்சூருக்கு வரச் சொன்னார். வேன் கேட்ட கட்சிக்கு அந்தப் பக்கத்தில் எல்லாமே அவர்தான். சாதாரணமாகக் கத்துகிற மனிதர், அன்றைக்குக் கத்தவில்லை. டீ வரவழைத்தார்.

"அவளுக்கு யாரு துட்டு குடுக்கறது, பொன்னுரங்கம்?"

யாரும் கொடுக்கவில்லை என்றான். அவர் நம்பவில்லை. அந்தப் பக்கம் நல்ல விலை வந்ததும் இவன்தான் ஆளைத் திருப்பிவிட்டான் என்று பேச்சு அடிபடுவதாகச் சொன்னார். பொன்னுரங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஆளை இரண்டு கட்சிக்கு விற்றான் என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

"துட்டுக்கு வந்த கூட்டம் இல்லண்ணா அது. அன்னிக்கு வடக்குப் பாடு முறை இருந்தவனுங்க, வலையைக்கூட எறக்காம வந்து நின்னானுங்க. துட்டுக்காக எவனாவது முறையை வுடுவானா?"

அவருக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் முறை வைத்து அங்கே வலை போடுவார்கள். விட்டால் அடுத்த முறை வரப் பத்து நாள் ஆகும். சண்டை வராமலிருக்க, யாருக்கு என்றைக்கு என்று பெயர் எழுதி, கோயில் சுவரில் பலகை மாட்டியிருக்கிறது என்றும் சொன்னான். கேட்காததையெல்லாம் சொன்னான். சொந்த ஊரின் ஒழுங்கைச் சொல்லும்போது யாருக்கும் கொஞ்சம் பெருமை வரத்தானே செய்யும்!

"பலகையில பேரு இருக்குதா," என்றார் வேதாசலம், தனக்குத்தானே சொல்வதுபோல. "சரி, டீயைக் குடி."

ரயில் அனுப்பம்பட்டைத் தாண்டிய பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. பொன்னேரியில் பஸ் மாறி, ஊரில் இறங்கியதும் கோயிலுக்கு ஓடினான். அதற்குள் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்று, பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இவனைப் பார்த்து, தெரிந்தவனைப்போல வணக்கம் வைத்தான். செவ்வாய்க்கிழமைப் பெயர்களில் மூன்றாவது பெயர் ரங்கன். அதே பன்னிரண்டு பேருக்கும் அடுத்த முறை வரும் வாரம் வெள்ளிக்கிழமை என்று பலகையே சொல்லிற்று.

ரங்கனிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். வெள்ளிக்கிழமை ஏரிக்குப் போகாதே என்று கெஞ்சினான். ரங்கன் வலையில் மிதவை கட்டுவதை நிறுத்தவில்லை.

"ரெண்டாவது வாட்டியும் முறையை வுட்டா அப்புறம் எனுக்கு ஊர்ல பாடே கெடையாது," என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "எவ்ளோக்குண்ணா எங்க பேரைக் குடுத்த?"

ஒரு பைசா வாங்கவில்லை என்று பொன்னுரங்கம் தலையில் அடித்துச் சொன்னான். அது சத்தியம். அவன் வாழ்நாளில் காசு வாங்காமல் ஆள் கொடுத்தது அது ஒரு தடவைதான். ரங்கன் நம்பவில்லை. பொன்னுரங்கம் மற்ற பதினோரு பேரிடமும் வீடு வீடாகப் போனான். மிரட்டிவிட்டு வரச் சொல்லிக் கட்சிக்காரன்தான் இவனை அனுப்பியிருக்கிறான் என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் பிழைப்பு அப்படி. வேறு எப்படி நினைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை விடியும்போது அவன் கரையில் நின்றான். ரங்கனின் படகு மூன்றாவதாகப் போயிற்று. வடக்குப் பாட்டில் அவர்கள் வலையைப் பிரிக்கத் தொடங்கிய நேரத்தில், எதிர்க்கரையிலிருந்து நான்கு எஞ்சின் படகுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு படகிலும் வலை இல்லை. பொன்னுரங்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தம்பியின் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினான். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. வேதாசலம் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம கூட்டம், நாலு வேன் வேணும். உன் ஊர்லேர்ந்தே ஏத்திக்கோ. இந்த வாட்டி வருவாங்க."

அங்கே படகுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எது ரங்கனுடையது என்று தெரியவில்லை. பொன்னுரங்கத்தின் வாய் மட்டும் பழக்கதோஷத்தில், "சரிண்ணா," என்றது.