பேர் வெட்டிய தட்டுகள்

அந்தமானில் எங்கள் முருகன் கோவிலில் அன்னதானம் நடந்த மறுநாள் காலையில் பின்பக்கம் வந்து பார்த்திருந்தால் உங்களுக்கும் என் கோபம் வந்திருக்கும். சாம்பார் ஒட்டிய பேப்பர் தட்டும் கப்பும் மலையாகக் குவிந்து புகையும். எரிந்தது போக மிச்சத்தை மழை ஓடைக்குள் தள்ளும், ஓடை வண்டூர்க் கடலுக்குக் கொண்டுபோகும். கேட்டால், "பேப்பர்தானே அகிலா, மக்கிப்போயிடும்" என்பார் கோவில் செயலாளர் உதயசூரியன். அதன் உள்ளே பூசியிருக்கும் பிளாஸ்டிக் அவர் வீட்டுக் கொல்லையில் மக்குமா? தீவில் பிளாஸ்டிக்கைத் தடை செய்தாலும் செய்தார்கள், பேப்பர் என்ற பெயரில் எதையும் வீசலாம் என்று ஆகிவிட்டது.

வாழை இலை போடலாமே என்பீர்கள். பந்தி உட்கார எங்களுக்கு இடமில்லை. வரிசையில் நின்று வாங்கி, கிடைத்த இடத்தில் நின்று சாப்பிடும் அன்னதானம்.

கத்திக் கத்தித் தொண்டை காய்ந்தபின் நானும் மருதாயியும் வைஜெயந்தியும் வீடு வீடாகப் போனோம். நம் வீட்டுப் பரண்களில் எது இல்லாவிட்டாலும் எவர்சில்வர் தட்டு இருக்கும். கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, எல்லாம் விளிம்பில் பேர் வெட்டியது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து சாக்குகூடப் பிரிக்காமல் கிடந்தவையும் உண்டு. இனி அவை கோவிலுக்கு, எல்லோருக்கும் பொது என்று சொல்லி வாங்கினோம்.

முதலில் கொடுத்தது மருதாயிதான். அவள் அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். அவளும் புருஷன் முத்துவீரனும் கச்சால் தீவில் ரப்பர்ப் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய தட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் பேரும் இருந்தன. எல்லாவற்றையும் தராதே, உனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

பங்குனி உத்திரத்துக்குத் தட்டுகளை அடுக்கி வைத்தோம். செயலாளர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வரிசை நகர்ந்தது. தட்டை எடுத்தவர்கள் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சுத்தமாகக் கழுவியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என நினைத்தேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது. பாதிக் கூட்டம் சாப்பிட்டு முடித்தபின் பார்த்தால், ஓரமாக ஓர் அடுக்கு அப்படியே நிற்கிறது. எல்லாம் மருதாயியின் தட்டுகள். படித்துப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள்! மற்றவை தீர்ந்ததும் செயலாளர் அறையிலிருந்து பேப்பர் தட்டுக் கட்டு வெளியே வந்தது. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார் மனுஷன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீவுக்குக் கப்பல் ஏறும்போதே சாதியைக் கடலில் போட்டுவிட்டோம் என்று மேடைக்கு மேடை பேசுவார்கள். போடவில்லை. இத்தனை நாள் அது பேப்பர் தட்டுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒருவர் தின்ற தட்டில் இன்னொருவர் தின்ன வேண்டாம். தின்றதும் வீசிவிடலாம். யாரையும் ஒதுக்கிய மாதிரியும் தெரியாது. எவ்வளவு வசதி!

மருதாயி குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தன் தட்டுகள் சோறே படாமல் திரும்பி வந்ததைப் பார்த்தாள். அவற்றையும் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மறுவாரம் கமிட்டி கூடியது. விஷயத்தை நான் போட்டு உடைத்தேன்.

"அரே, சண்டை எதுக்கு? பேரைத் தேய்ச்சு எடுத்துட்டா முடிஞ்சுபோச்சு" என்றார் செயலாளர்.

"எல்லார் பேரையுமா அண்ணே?"

"எல்லாத்தையும் ஏன்? அந்த எஸ்டேட்காரங்க தட்டை மட்டும்."

வைஜெயந்தி என் கையை அழுத்தினாள். "விடு அகிலா. நமக்குப் பேப்பர் குறையணும், அவ்ளோதானே? ஒத்துக்கிட்டா வருஷம் பூரா ஸ்டீல் தட்டுதான்."

என் கூட இருப்பவளே இப்படிப் பேசிய ஆத்திரத்தில் அவள் கையை உதறினேன். மருதாயி எழுந்தாள்.

"தேய்ச்ச எடம் தனியா தெரியாதாங்க? அதையும் பார்த்து ஒதுக்கத்தான் போறீங்க. ஏந் தட்ட குடுத்துடுங்க. நீங்க பேப்பர்லயே தின்னுங்க."

வெளியே வந்ததும் அவளிடம் என் யோசனையைச் சொன்னேன். முறைத்தாள்.

"எம்பேர வச்சு நீ சண்டைக்குப் போறியா புள்ள?"

"எல்லார் தட்டுலயும் அவங்கவங்க பேர் இருக்கட்டும். கூடவே உன் பேரும் இருக்கட்டும். அப்புறம் எதை ஒதுக்குவாங்க? நீ வேண்டாம்னா வேண்டாம்."

முந்தானையை இழுத்துச் செருகினாள். "வெட்டச் சொல்லு. பெருசா வெட்டச் சொல்லு."

போர்ட் பிளேர் பஜாரில் பாத்திரத்தில் பேர் வெட்டும் கடைக்கு மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போனோம். வைஜெயந்தியும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு மூட்டையைச் சுமந்தாள். செயலாளரிடம், "இனிமே எந்தத் தட்டும் தனியா தெரியாது அண்ணே" என்று மட்டும் சொன்னேன். பேரைத் தேய்த்துவிட்டோம் என்று அவருக்குப் பரம திருப்தி. அந்த முறை பேப்பர் தட்டு வாங்கவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. முதல் தட்டைச் செயலாளர் வாங்கி அன்னதானத்தைத் தொடங்குவது எங்கள் கோவில் வழக்கம். அவர் வீட்டிலிருந்து வந்த தட்டையே எடுத்துக் கொடுத்தேன். அவர் பேருக்குப் பக்கத்தில் மருதாயி பேர். இன்னொன்றை எடுத்தார். அதிலும் மருதாயி. அடுக்கைக் கலைத்து அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதிலும் அவள்தான். பின்னால் வரிசை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"பேப்பர் தட்டு எங்க?"

"நீங்கதான் வாங்கலையே அண்ணே."

அவர் முகம் சிவந்தது. "எனக்கு இன்னிக்கு விரதம்" என்று தட்டை வைத்துவிட்டு நடந்தார். பின்னாலேயே இன்னும் பலருக்குத் திடீர் விரதம் வந்தது. காலையில் இதே ஆட்கள் டீக்கடையில் பூரி தின்றதை நான் பார்த்திருக்கிறேன். போகாதவர்களும் தட்டைத் தொடாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்டா நிறையச் சோறு ஆவி பறக்க நின்றது.

மருதாயி குழாயடியிலிருந்து எழுந்து வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். செயலாளர் வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டாள். வரிசைக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சாம்பார ஊத்து புள்ள, பசிக்குது" என்றாள்.