பத்தேகால் மணிக் கெட்டில்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஒரு பெண். நேரில் அல்ல, போனில். நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். நான் நடுவில் "ம்" கூடக் கொட்டவில்லை. முடித்துவிட்டு, "நீங்க எழுதுறவராமே, இதையெல்லாம் எழுதிடாதீங்க" என்றாள். எழுதுகிறவனிடம் போய் யாராவது இப்படிச் சொல்வார்களா? ஆறு மாதம் கழித்து நானே கூப்பிட்டுக் கெஞ்சியதில், "சரி, பேரை மட்டும் போடாதீங்க" என்று இறங்கி வந்தாள். போடவில்லை. யார் பேரையும் போடவில்லை.

முதல் வரியைப் பதினொரு தடவை எழுதினேன். மூன்றை மட்டும் காட்டுகிறேன்.

"சூரியன் எல்லோருக்கும் பொது." (பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்தாயிற்று.)

"அவள் கணவனைச் சந்தேகப்பட்ட அன்று வெயில் நன்றாக அடித்தது." (சந்தேகம் என்று முதல் வரியிலேயே போட்டால் வாசகர் வேறு எதையோ எதிர்பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.)

"அந்த வீட்டில் யாருமில்லாதபோது யாரோ டீ போட்டார்கள்."

இதுதான் நின்றது. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

2

அவளுக்கு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரை வருகிறவர்கள் கையில் நரம்பு தேடுவது. ஒரே குத்தில் பிடித்துவிடுவாள் என்று பெயர். கணவர் பேருந்துப் பட்டறையில் வெல்டர். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'வீடியோ'. எதைக் கேட்டாலும் "வீடியோல பாத்துட்டேன், நானே பண்ணிக்கிறேன்" என்பார். வீட்டையும் அப்படித்தான் கட்டினார்கள். இருவருமாக, மூன்று வருடம், மாலைகளிலும் விடுமுறைகளிலும். சுவர் அவர், தரை ஓடு அவள். குளியலறையில் ஊற்றும் தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் வாசல் பக்கம் வரும். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

கூரைமேல் பத்து சோலார் தகடுகள். படிக்கட்டுக்குக் கீழே, சுவரில், பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு பேட்டரிப் பெட்டி. பகல் வெயிலைச் சேர்த்து வைத்து இரவுக்குக் கொடுக்கும். பெட்டிக்குள்ளேயே ஒரு சிம் கார்டு உண்டு. வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை அது ஐந்து நொடிக்கு ஒருமுறை போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போனில் இரண்டு கோடுகள் தெரியும். மஞ்சள், வெயில் தருவது. நீலம், வீடு செலவழிப்பது.

வீடியோ மஞ்சளை மட்டும்தான் பார்ப்பார். பட்டறையில் நாலு பேரிடம் காட்டி, "இன்னைக்கு எவ்ளோ வந்திருக்கு பாரு" என்று பெருமையடிக்க அது போதும். நீலத்தைப் பார்த்தவள் அவள்.

வேலை நடுவே பத்து மணிக்குமேல் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. ஒருநாள் சும்மா போனைத் திறந்தாள். பத்தேகாலுக்கு நீலக் கோடு ஒரே தாவாகத் தாவி, இரண்டாயிரம் வாட்டில் நான்கு நிமிடம் நின்று, விழுந்தது. தண்ணீர் மோட்டார் என்றால் நெடுநேரம் நிற்கும். இஸ்திரிப் பெட்டி என்றால் விட்டுவிட்டு ஏறும். நான்கு நிமிடம் நிமிர்ந்து நின்றுவிட்டு விழுவது கெட்டில்தான். அதன் பிறகு பன்னிரண்டு மணி வரை ஒரு சின்ன மேடு. டீவி.

வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி இரண்டு. ஒன்று அவள் கைப்பையில் இருக்கிறது.

மறுநாளும் பத்தேகால். அதற்கு மறுநாளும். மூன்று வாரம் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி பக்கத்தில் படுத்துக் குறட்டை விடும் மனிதரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

* இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "அழல. பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். மாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

3

ஒரு திங்கட்கிழமை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே பஸ் ஏறினாள்.

அவள் கதவைத் திறந்தபோது உள்ளே...

(இல்லை. இப்படி மூன்று புள்ளி வைத்து உங்களை மிரட்டும் உத்தேசம் எனக்கில்லை. உள்ளே யாருமில்லை.)

படுக்கையறை பார்த்தாள். குளியலறை. மாடிப்படி. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள், பிறகு தன்னை நினைத்தே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. காலையில் கழுவிக் கவிழ்த்த தம்ளர் கவிழ்த்தபடி இருந்தது. சமையலறை மேடையில் கெட்டில். மணி பத்தேகால்.

ஒரு கையால் போனைத் திறந்தாள். நீலக் கோடு தாவியது. இரண்டாயிரம் வாட்.

மறு கையைக் கெட்டில்மேல் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. பிளக் சுவரில் மாட்டப்படவே இல்லை. போனில் அவள் வீட்டுக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் அவள் வீட்டுக் கெட்டில் குளிர்ந்து கிடந்தது. நான்கு நிமிடமும் கையை எடுக்காமல் நின்றாள். கோடு விழுந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

4

மாலை வீடியோ செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"காலையில வீட்டுல யாருங்க?"

"எந்தக் காலையில?"

"தெனமும். பத்தேகாலுக்கு."

போனை நீட்டினாள். மூன்று வாரத்தையும் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. திருட்டு முழி இல்லை. அடி வாங்கினவர் முழி.

"மூணு வாரமா என்னை இப்படி நெனச்சிட்டு இருந்தியா?"

"வேற என்னத்த நெனைக்கிறது?"

அவர் எழுந்துபோய் மிக்சியைப் போட்டார். மோட்டாரைப் போட்டார். இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். வீடே அதிர்ந்தது. போனில் நீலக் கோடு அசையவில்லை. படிக்கட்டுக்குக் கீழே குனிந்து, பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்தார். போனில் இருந்த எண்ணையும் படித்தார். கடைசி எண் வேறு.

"ஐயையோ" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நம்ம வீடே இல்ல இது."

நடந்தது இதுதான். சோலார் கடையின் ஆள் வந்து மாட்டினால், பெட்டியைச் சுவரில் ஏற்றிய பிறகுதான் அதன் எண்ணைப் போனில் பதிவு செய்வான். அதுதான் முறை. வீடியோ யாரையும் வரவிடாமல் தானே மாட்டியவர். கட்டிக்கொண்டிருந்த இடத்தில் அப்போது டவர் வரவில்லை, போனில் சிக்னல் கிடையாது என்பதால், கடையிலேயே, அவர்கள் வைஃபையில், பெட்டியைத் தரையில் வைத்தே பதிந்துவிட்டார். அன்றைக்கு அதே கடையில் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஆளும் இருந்தார். அவர் இடத்திலும் அப்போது சிக்னல் இல்லை. இவர் செய்ததைப் பார்த்துவிட்டு அவரும் அப்படியே பதிந்தார். இரண்டு பேரும் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு டீ குடித்தார்கள். திரும்பி வந்து ஆளுக்கொரு பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பெட்டிகள் இரண்டும் ஒரே மாதிரி. எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே வெயில், இரண்டு கூரையிலும் பத்துப் பத்துத் தகடு. மஞ்சள் கோட்டில் வித்தியாசமே கிடையாது.

* அந்த இன்னொரு ஆளை விவரிக்கப் பார்த்தேன். உயரம், சட்டை, ஏதாவது ஒன்று. வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வீடியோ கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் தலையில் கை வைத்துச் சிரித்தார். "சனிக்கிழமை கம்பெனிக்கு எழுதி மாத்திடலாம்ணே. அந்த சாருக்கு நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. மறந்துவிட்டார். அதற்காக அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

5

இங்கே என் கதாநாயகிமேல் எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. விஷயம் தெரிந்துவிட்டது, புருஷன் யோக்கியன், மனசும் ஆறிவிட்டது. அப்புறமும் ஏன் புதனும் வியாழனும் பத்தேகாலுக்குப் போனைத் திறந்தாள்? கேட்டேன்.

"பழகிப்போச்சுங்க. மூணு வாரம் அந்தக் கெட்டிலை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். பாவம், யாரோ நல்லா டீ குடிச்சிட்டு டீவி பாத்திட்டு இருக்காங்க. பாக்கணும்போல இருந்துச்சு."

இதை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது.

வியாழக்கிழமை பத்தேகாலுக்குக் கெட்டில் வரவில்லை. பத்தரை ஆயிற்று. பதினொன்று. டீவியும் வரவில்லை. பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். புதன் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து எழுபது வாட்டில் ஒரே கோடு, ஏறாமல் இறங்காமல். ஒரு ஃபேனும் ஒரு விளக்கும். வெயில் கொளுத்தும் பதினொரு மணிக்கு விளக்கை யார் அணைக்காமல் விடுவார்கள்? தினமும் நூறு பேர் கையில் நரம்பு தேடுகிறவள், அந்தக் கோடு அவளுக்குச் சரியாகப் படவில்லை.

கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அந்தப் பெட்டி யார் வீட்டுல இருக்கு?"

"ஒரு பெரியவருக்கா. தனியா இருக்கார். பையன் வெளிநாட்டுல. லீவுல வந்து அப்பாவுக்கு வீடு கட்டிக் குடுத்துட்டுப் போனார். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. 'அப்பா காலையில கெட்டில் போட்டா எனக்குப் போன்ல தெரிஞ்சிடும்'னு அந்த சாரே சொல்லியிருக்கார். தெனமும் பாக்குறார்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அந்த நீலக் கோட்டைப் பார்த்தாள்.

"அக்கா?"

"அவர் யாரோட கெட்டிலைப் பாக்குறார்?" என்றாள்.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் தன் வீட்டில் கெட்டில் போட்டிருந்தாள்.

6

இங்கே ஓர் அடிக்குறிப்பு போட வேண்டும். அடிக்குறிப்பில் அடங்காது.

அந்த மகன் நான்தான்.

இதைக் கதையாக, மூன்றாம் மனிதர் கதையாக, அவள் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதினால் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். ஐந்து பகுதி தாக்குப்பிடித்தேன்.

கெட்டில் வருமுன் நான் தினமும் அப்பாவைக் கூப்பிடுவேன். கெட்டில் வந்த பிறகு வாரம் ஒருமுறை ஆயிற்று. கோடு ஏறினால் எழுந்துவிட்டார், டீ குடிக்கிறார், நன்றாக இருக்கிறார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் எதற்கு? ஆறு மணிக்குக் கெட்டில், ஏழு மணிக்கு மிக்சி, ராத்திரி இஸ்திரி. ஆயுளில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தேய்த்திராத மனிதர் தினமும் துணி தேய்க்கிறாரே என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஒரு ஞாயிறு போனில், "ஒன்பது மணிக்குத்தான்டா எழுந்திரிக்கிறேன், காலெல்லாம் ஒரே வலி" என்றார். பொய் சொல்கிறார், ஆறு மணிக்கே எழுந்து மிக்சி போடுகிறவருக்கு என்ன வலி, என்று நினைத்தேன். கேட்கவில்லை. அப்பா வாயால் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு பெட்டி சொன்னதை நம்பினேன்.

வீடியோவோடு டீ குடித்த ஆளை ஏன் விவரிக்க முடியவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) கடைக்காரர் வண்டியில் அவளும் ஏறிப் போகிறாள். கதவைத் தட்டுகிறார்கள். தோளில் துண்டோடு அப்பா திறக்கிறார். "கெட்டில் எரிஞ்சிபோச்சும்மா, புதுசு வாங்கணும். நீ யாரு?" இதை நான்கு பக்கம் எழுதினேன். அப்பா நிறையப் பேசுகிறார். இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை.

ஆ) தரையில் கிடக்கிறார். இடுப்பு எலும்பு. நினைவு இருக்கிறது. அவள் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடிக்கிறாள். விரலுக்கடியில்

இ)

8

இதை மட்டும் நான் உண்டாக்கவில்லை. என் காதால் கேட்டது.

போன் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். கடைக்காரர்.

"சார், உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். அப்பா கதவத் திறக்க மாட்டேங்கிறார். உள்ள ஃபேன் சத்தம் கேக்குது. தாழ்ப்பாள் போட்டிருக்கு. உடைக்கலாமா?"

வேறு போனில் கோட்டைத் திறந்தேன். நீலம் ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"உடைக்காதீங்க" என்றேன். சிரித்தபடி சொன்னேன் என்று நினைவு. "துணி தேய்ச்சிட்டு இருக்கார். நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். காது கொஞ்சம் மந்தம், நல்லா தட்டுங்க."

"சார், அது வந்து... ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு சார்..." கடைக்காரருக்குக் குரல் குழறியது. போனை யாரோ பிடுங்கினார்கள்.

"சார், நீங்க பாக்குறது எங்க வீடு" என்றாள் முன்பின் தெரியாத ஒரு பெண். "பெட்டி மாறிடுச்சு. என் வீட்டுக்காரருக்கு இன்னைக்கு லீவு. அவர்தான் துணி தேய்க்கிறார்."

"என்னங்க ஒளர்றீங்க? எங்க அப்பா வீடுங்க இது. எட்டு மாசமா பாக்குறேன்."

"அப்படியே பாத்துக்கிட்டே இருங்க."

அவள் தன் போனில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "என்னங்க, ஒண்ணும் கேக்காதீங்க, மெயினை இறக்குங்க. எல்லாத்தையும். இப்பவே."

ஐந்து நொடி. கோடு விழுந்தது. கெட்டில், மிக்சி, இஸ்திரி, ஃப்ரிட்ஜ், எட்டு மாதமாக என் அப்பா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்து பூஜ்யத்தில் நின்றது.

"திரும்பப் போடச் சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். கதவை உடையுங்கள் என்றேன். அந்தக் கதவு நானும் அப்பாவும் சேர்ந்து நிறுத்தியது. சாமானியத்தில் உடையாது. முதல் இடி கேட்டது. இரண்டாவது. மூன்றாவது.

நான் இதுவரைதான் எழுதுவேன். உள்ளே போக வேண்டியவர் நீங்கள். முதலில் அந்த விளக்கை அணைத்துவிடுங்கள்.