சிவப்பு மையால் அடித்த பக்கம்

ஜப்பான் கேப்டன் ஒருவனை நாற்பத்தொரு முறை எனக்கு முன்னால் குனிய வைத்தவன் நான். அதுவும் குறைத்துச் சொன்ன கணக்கு.

தமிழ்ச் சங்க மலருக்கு என் சினிமா வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். தந்தேன். மலர்க்குழுவில் இருக்கும் துணிக்கடை தாவூத் பாய் அந்தக் கேப்டன் குனிந்த பக்கத்தை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நேரே அவர் கடைக்குப் போனேன்.

"நடக்காதத எப்படி அச்சுல போடறது, டைரக்டரே?"

"எது பாய் நடக்கல?"

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கே இரண்டு படம் தயாரித்து இயக்கியவன் நான். மூன்றாவதுக்குப் பூஜை போட்டது நாற்பத்திரண்டில், மலாக்கா காஜா பெராங்கில், இதே பாய் கடைக்கு எதிரே. கேமராவில் பிலிம் கிடையாது. முந்தின நாள்தான், குனியவில்லை என்று ஜப்பான் காவல்காரன் என்னை அறைந்திருந்தான். சூடம் காட்டும்போது லாரியில் வந்து இறங்கினான் கேப்டன். கேமரா தங்கள் ஆபீசுக்கு வேண்டுமாம். என் பிழைப்பே அதுதான். எனக்கு வந்த கோபத்தில் மலாக்கா ஆறே கொதித்திருக்கும்.

தெரிந்த மலாயில் சொன்னேன்: "சூடம் காட்டின கேமரா, படம் முடியும்வரை ஊர் தாண்டக் கூடாது, துவான். கிட்டே வருகிறவர் தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டும்."

முதலாவது எங்கள் தொழில் வழக்கம். இரண்டாவது என் கன்னம் அப்போது உண்டாக்கிய வழக்கம்.

கேப்டன் கூட்டத்தைப் பார்த்தான். சந்தனமும் குங்குமமும் பூசிய கேமராவைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான், இடுப்பு மடியக் குனிந்தான். கேமராவுக்குப் பின்னால் நான்.

படம் முடிந்ததா என்று பார்க்க மாதாமாதம் வந்தான், வந்தபோதெல்லாம் குனிந்தான். வெறும் கேமராவின் கைப்பிடியைச் சுற்றி மூன்றரை வருஷம் படம் பிடித்தேன். அவர்கள் சரணடைந்தார்கள், என் படம் முடியவில்லை.

"முந்தின பக்கத்துல நான் அறை வாங்கினத அடிக்காம விட்டிருக்கீங்க, அவன் குனிஞ்சத அடிச்சிருக்கீங்க. ரெண்டையும் எடுத்துடுங்க பாய். என் பேரே மலர்ல வேணாம்."

எழுந்துவிட்டேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"லாரி சத்தம் கேட்டதும் பயந்து துணி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். பார்த்தேன்னு சொன்னா, எங்கேருந்து பார்த்தேன்னு கேப்பாங்கல்ல?" என்றார். "பலகை இடுக்கு வழியாப் பார்த்தேன். குனிஞ்சான், டைரக்டரே."