நாலாவது தூணருகே இரண்டடி

நெடுஞ்சாலைத் துறையிலிருந்து வந்த பெண் பொறியாளர் அக்கா தங்கை இருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய வரைபடங்களைப் பரப்பிவிட்டாள். ஆற்றுப் பாலத்தை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட வேண்டுமாம். அந்தப் படங்களை வரைந்தவர்களில் இன்று இருப்பது சின்னவள் ஒருத்திதான். பெண்ணானாலும் அவளுடைய பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். ஓய்வு பெறும் வரை யாரும் அதை மாற்றவில்லை, அவளும் கண்டுகொள்ளவில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் மணிமணியாக வந்தது. ஏன் ஒன்பது தூண், மேற்குக் கரையில் சாலை ஏன் வளைகிறது, முதல் வெள்ளத்தில் எந்தத் தூணடியில் மண் அரித்தது, அங்கே எத்தனை லாரி பாறை கொட்டினார்கள். பக்கத்தில் அக்கா பட்டாணி உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது மட்டும் புரியல மேடம். நாலாவது தூண்கிட்ட நடைபாதை ரெண்டடி வெளிய தள்ளி நிக்குது. எதுக்குன்னு குறிப்பே இல்ல."

"தண்ணி மட்டம் பாக்கறவங்க நிக்கறதுக்கு."

"அந்த அளவுகோல் ரெண்டாவது தூண்லல்ல இருக்கு? நீங்களே வரைஞ்சிருக்கீங்க."

சின்னவள் வசமாக மாட்டிக்கொண்டாள்.

பாலத்துக்குப் படம் வரைந்த காலத்தில் அக்காவுக்கு அக்கரைத் தொலைபேசி நிலையத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் இளைப்பு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பாலம் வந்தால் படகுக்குக் காத்திருக்க வேண்டாம், ஆனால் நடந்தாக வேண்டும். குறுகலான நடைபாதையில் பாதி வழியில் நின்றால் பின்னால் வருபவர்கள் முணுமுணுப்பார்கள். யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். இதை நினைத்தபோது சின்னவளின் பென்சில் தானாக இரண்டடி வெளியே போய்விட்டது.

பெரிய இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது என்னம்மா?" என்றார். அன்றும் இதே பொய்தான். பாரம் தாங்குமா என்று ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அவர் நம்பினாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் பொறியாளரிடம் சொல்லி முடித்தபோது சின்னவளுக்குக் காதெல்லாம் சுட்டது. அக்காவின் கை பட்டாணித் தட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"அடிப்பாவி. இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையே நீ."

"சொன்னா நீ சங்கடப்படுவே."

"இருபத்தாறு வருஷம் அதுல நடந்தேன். ஒரு நாள்கூட அங்க நின்னதில்ல, தெரியுமா?"

"ஏன்க்கா?"

"எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒரு ஜோடி நின்னு குசுகுசுன்னு பேசிட்டிருக்கும். நடுவுல போய் நான் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடவா?"

பொறியாளர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டாள். சின்னவளுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப எங்கதான் நின்னே?"

"அஞ்சாவது தூண் தாண்டி. கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, செருப்பு வாரை சரி பண்ற மாதிரி." அக்கா தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை எப்படி மேடம் எழுதறது?" என்றாள் பொறியாளர்.

"உள்ளதை உள்ளபடி எழுதும்மா," என்று அக்காதான் சொன்னாள். "அக்காவுக்காகன்னு போடு. பேர் வேண்டாம்."

அடுத்த வாரம், வேலை தொடங்குவதற்கு முன், பொறியாளர் இருவரையும் தன் காரில் கூட்டிப்போனாள். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. நாலாவது தூணருகே ஒரு பையனும் பெண்ணும் நின்றிருந்தார்கள். அக்கா நேராக அவர்களிடம் போய், "கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா, இது என் இடம்," என்றாள். அவர்கள் விழித்தபடி ஒதுங்கினார்கள். அவள் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, நிதானமாக, வேண்டிய மட்டும் மூச்சு வாங்கினாள். சின்னவள் பக்கத்தில் நின்று ஆற்றைப் பார்த்தாள்.